புள்ளி தெரிகிற படம்

"மாமா, பிரிண்ட் சரியில்ல. கண்ணாடி குடுக்காம 3டி படத்த ஓட்டறாங்க. போய்ச் சொல்லிட்டு வரட்டுமா?"

2023 ஜூன் மாதம். 'ஸ்பைடர்-மேன்: அக்ராஸ் த ஸ்பைடர்-வெர்ஸ்' தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. ஒன்பதாவது படிக்கும் அக்கா மகன் இருக்கையை விட்டு எழுந்தே விட்டான். அவன் சொன்னதில் தப்பில்லை. திரையில் தூரத்துக் கட்டடங்களின் விளிம்பில் ஒரு பக்கம் சிவப்பும் மறு பக்கம் நீலமும் கோட்டுக்கு வெளியே வழிந்து நின்றன. அதைப் பார்த்ததும் எனக்கும் ஒரு பழைய பதற்றம் வந்தது. நான் பதினோரு வருடம் ஓசூரில் ஒரு ஆஃப்செட் அச்சகத்தில் வேலை பார்த்தவன். தொழிற்சாலைகளுக்கான லேபிளும் அட்டைப்பெட்டி மேலட்டையும் அங்கே ஓடும். இப்படி விளிம்பு விலகிய தாள் ஒன்று வெளியே வந்தால் கை தானாக மெஷினை நிறுத்தப் போகும். "ரிஜிஸ்டர் போச்சு" என்று யாராவது கத்துவார்கள்.

பையனை உட்கார வைத்து, "முகத்தைப் பாரு, அங்க கலர் விலகியிருக்கா?" என்றேன். முகம் கத்தியால் வெட்டியது போல் தெளிவாக இருந்தது. விலகல் எல்லாம் பின்னணியில்தான்.

காமிக்ஸிலிருந்து எடுத்த அனிமேஷன் படத்தை எப்படிப் பார்ப்பது, நல்லது கெட்டதை எப்படிச் சொல்வது என்று அவன் அன்று வீடு வரும்வரை கேட்டுக்கொண்டே வந்தான். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கலர் விலகல். கலர் அச்சு என்பது நான்கு மைகளின் வேலை: சியான் என்கிற நீலம், மெஜந்தா என்கிற சிவப்பு, மஞ்சள், கறுப்பு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி பிளேட். ஒரே தாள் நான்கு முறை மை வாங்குகிறது. நான்கும் ஒன்றின் மேல் ஒன்று மயிரிழை பிசகாமல் விழுந்தால்தான் படம். அதற்காகத்தான் தாளின் ஓரத்தில் கூட்டல் குறி போட்டிருப்பார்கள். நான்கு கூட்டல் குறியும் ஒன்றாகத் தெரிந்தால் ரிஜிஸ்டர் சரி. அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் உதட்டுச் சிவப்பு கன்னத்தில் ஏறிவிடும். இன்னொன்று, மையை அப்படியே பூசுவதில்லை. புள்ளி புள்ளியாகத்தான் விழுகிறது. சிறிய புள்ளி என்றால் வெளிர் நிறம், பெரிய புள்ளி என்றால் அடர் நிறம். லூப் என்கிற சின்ன உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தால் எந்த நடிகர் முகமும் வெறும் புள்ளிக் கோலம்தான்.

அமெரிக்காவின் பழைய காமிக்ஸ் புத்தகங்கள் மட்டமான செய்தித்தாள் காகிதத்தில், அவசர அவசரமாக அடிக்கப்பட்டவை. புள்ளிகள் பெரிதாக இருக்கும், கலர் கோட்டைத் தாண்டும். பெஞ்சமின் டே என்ற அமெரிக்க அச்சுக்காரரின் பெயரால் அவற்றுக்குப் 'பென் டே புள்ளி' என்றே பெயர் வந்தது. ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் 1962ல் உருவாக்கிய ஸ்பைடர்-மேன் பிறந்தது அந்தக் காகிதத்தில்தான். வாசகர்கள் அவனை அந்தப் புள்ளிகளோடும் அந்த விலகலோடும் சேர்த்தே மனதில் வைத்திருந்தார்கள்.

2018 டிசம்பரில் வந்த முதல் படம் 'இன்டு த ஸ்பைடர்-வெர்ஸ்' இதைத்தான் பிடித்துக்கொண்டது. மற்ற கம்ப்யூட்டர் அனிமேஷன் படங்களில் பின்னணியைக் கேமரா லென்ஸ் மாதிரி மங்கலாக்குவார்கள். இவர்கள் மங்கலாக்கவில்லை, ரிஜிஸ்டரை விலக்கிவிட்டார்கள். அச்சகத்தில் நாங்கள் தவறு என்று கிழித்துப் போட்டதை இவர்கள் தூரத்தைக் காட்டும் கருவியாக்கினார்கள். நிழலுக்குப் புள்ளி, கன்னத்துச் சரிவுக்குக் கோட்டு வரிசை. படத்தின் நாயகன் மைல்ஸ் மொராலெஸைச் சிலந்தி கடித்த பிறகு அவன் நினைப்பதெல்லாம் கட்டம் கட்டிய எழுத்தாகத் திரையில் வரத் தொடங்கும். அதுவரை சாதாரணப் பையனாக இருந்தவன் அந்த நிமிடத்திலிருந்து காமிக்ஸ் பக்கத்துக்குள் போய்விட்டான் என்பதை வசனமே இல்லாமல் சொன்ன இடம் அது. 2019ல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் அதற்குக் கிடைத்தது.

அசைவையும் பார்க்க வேண்டும். சினிமா ஒரு நொடிக்கு 24 படங்களாக ஓடுகிறது. 24ஐயும் தனித்தனியாக உருவாக்கினால் அசைவு எண்ணெய் வழுக்கலாக இருக்கும். ஒரே நிலையை இரண்டு படங்களுக்கு நிறுத்திவைத்து நொடிக்கு 12 நிலைகள் மட்டும் காட்டினால் வெடுக் வெடுக்கென்று இருக்கும். முதல் படத்தில் மைல்ஸும் மூத்த ஸ்பைடர்-மேனான பீட்டர் பார்க்கரும் காட்டுக்குள் மரம் மரமாகத் தாவித் தப்பும் காட்சியை மறுபடி பாருங்கள். பீட்டர் 24ல் ஓடுகிறார், மைல்ஸ் 12ல் ஓடுகிறான். ஒரே காட்சியில் இரண்டு பேருக்கு இரண்டு கணக்கு. லைனில் புதிதாக நிற்கும் அப்ரண்டிஸின் கையையும் இருபது வருட ஆபரேட்டரின் கையையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். மைல்ஸுக்கு வேலை பழகப் பழக அவன் அசைவும் வழுக்கலாகிறது.

ஆகவே, 'கிராஃபிக்ஸ் சூப்பர்' என்று எழுதுவதில் ஒன்றும் இல்லை. படம் இந்த வித்தையை எதற்குச் செலவழித்தது என்று கேட்க வேண்டும். கதைக்குத் தேவையான இடத்தில் செய்ததா, கண்ணைக் கூச வைக்கச் செய்ததா? இரண்டாவது படத்தில், வேறோர் உலகத்து ஸ்பைடர் நாயகியான க்வென் ஸ்டேசியின் உலகம் முழுக்க வாட்டர்கலர். அவளும் போலீஸ் அதிகாரியான அவள் அப்பாவும் பேசும்போது சுவரின் நிறம் அவர்கள் மனநிலைக்கேற்ப மாறுகிறது, ஈரம் காயாத சாயம் போல் வழிகிறது. முகமூடியை எடுத்துவிட்டு நிற்கும் மகள் மேல் அப்பா துப்பாக்கி நீட்டும் காட்சியில் பின்னணியே கரைகிறது. இரண்டு படத்திலும் சேர்த்து எனக்கு மிகப் பிடித்த இடம் அதுதான். அதற்கு நேர்மாறாக, கடைசி ஒரு மணி நேரத்தில் பல உலகங்களின் நூற்றுக்கணக்கான ஸ்பைடர்-மேன்கள் மைல்ஸைத் துரத்தும் பகுதி. திறமைக்குக் குறைவில்லை, ஆனால் கண் எங்கே நிற்பது என்று தெரியாமல் ஓய்ந்துபோகிறது. ஓடி வருகிறவர்களில் யார் மேலும் நமக்கு அக்கறை பிறப்பதற்கு நேரம் இல்லை.

தமிழ் வாசகருக்கு இங்கே ஒரு சிக்கலும் ஒரு வசதியும் உண்டு. நம்மில் நாற்பது வயது தாண்டியவர்களுக்கு 'ஸ்பைடர்' என்றால் முதலில் நினைவுக்கு வருகிறவர் இவர் இல்லை. சிவகாசியில் 1972ல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியது முத்து காமிக்ஸ். 1984ல் லயன் காமிக்ஸ் வந்தது. லயன் நமக்குக் கொடுத்த ஸ்பைடர், கூர்காது வைத்த, வலைத் துப்பாக்கி ஏந்திய, ஹெலிகாரில் பறக்கும் குற்றச் சக்கரவர்த்தி. 1965ல் பிரிட்டிஷ் வாரப் பத்திரிகை ஒன்றில் டெட் கோவனும் ரெக் பன்னும் உருவாக்கிய ஆள் அவர். கொஞ்ச நாளில் கதை எழுத வந்தவர் சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல். இந்த ஸ்பைடர் வில்லனாகத் தொடங்கி நல்லவர் பக்கம் வந்த ஆசாமி. மார்வெலின் சிலந்திப் பையனுக்கும் அவருக்கும் உறவே இல்லை. ஓசூர் பஸ் ஸ்டாண்டு கடையில் நான் காசு சேர்த்து வாங்கியது அந்த ஸ்பைடரைத்தான்.

அந்தப் புத்தகங்களில் பெரும்பாலானவை கறுப்பு வெள்ளை. அதனால் நம் கண் கலரை விடக் கோட்டில் பழகியது. மை எங்கே தடிக்கிறது, கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே எதை விட்டுவிடுகிறார்கள், பேச்சுக் குமிழில் நான்கு வரி இருந்தால் சண்டை எப்படி மெதுவாகிறது என்பதெல்லாம் யாரும் சொல்லித்தராமலே தெரியும். அது இந்தப் படத்துக்கு நல்ல பயிற்சி. திரையில் 'தொம்' என்று எழுத்து வெடிக்கும்போது அந்தப் பயிற்சி வேலை செய்கிறது.

இனி நமக்கு மிக அருகில் வரும் பகுதி. இரண்டாவது படத்தின் நடுவே மைல்ஸ் வேறோர் உலகத்து ஊருக்குப் போகிறான். பெயர் மும்பாட்டன், மும்பையும் மன்ஹாட்டனும் சேர்ந்த நகரம். அங்கே இருப்பவன் பவித்ர் பிரபாகர், இந்திய ஸ்பைடர்-மேன். பீட்டர் பார்க்கர் என்ற பெயரின் ஒலியை இந்தியப் பெயராக்கியது அது. இவனைப் படத்துக்காக உருவாக்கவில்லை. 2004ல் கோதம் காமிக்ஸ், மார்வெலின் அனுமதியோடு 'ஸ்பைடர்-மேன்: இந்தியா' என்று நான்கு இதழ்கள் கொண்டுவந்தது. ஷரத் தேவராஜன், சுரேஷ் சீதாராமன், ஓவியர் ஜீவன் காங் ஆகியோர் உருவாக்கியது. அந்த நிறுவனம் நியூயார்க்கிலும் பெங்களூரிலும் இருந்து இயங்கியது. ஓசூரிலிருந்து பெங்களூர் 40 கிலோமீட்டர். அத்திப்பள்ளியில் நெரிசல் இல்லாவிட்டால் ஒரு மணி நேர பஸ். அமெரிக்க நாயகனுக்கு வேட்டி கட்டிவிட்ட வேலை இவ்வளவு பக்கத்தில் நடந்தது என்பது அப்போது எனக்குத் தெரியாமல் போனதில் இன்றும் வருத்தம் உண்டு.

அந்தக் காமிக்ஸின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் படத்தை மதிப்பிடுவதற்கு அது தேவை. பவித்ர் கிராமத்துப் பையன். உதவித்தொகை கிடைத்து மும்பைப் பள்ளிக்கு வருகிறான், பீம் மாமாவும் மாயா அத்தையும் கூட இருக்கிறார்கள். அவன் உடுத்தும் உடையைப் பார்த்து வகுப்பில் கேலி செய்கிறார்கள். மீரா ஜெயின் மட்டும் பேசுகிறாள். ஒரு யோகி சிலந்தியின் சக்தியைத் தருகிறார். வில்லன் நளின் ஓபராய் தாயத்து ஒன்றின் வழியே ராட்சசனாகிறான். ஒருநாள் ரவுடிகள் ஒரு பெண்ணைச் சூழ்ந்திருப்பதைப் பார்த்தும் பவித்ர் தனக்கென்ன என்று தாண்டிப் போகிறான். அவள் கூச்சல் கேட்டுப் போன பீம் மாமா குத்துப்பட்டுச் சாகிறார்.

யோகியும் தாயத்தும் வெளிநாட்டுக் கண்ணுக்குப் பரிமாறிய இந்தியா என்று எனக்குத் தோன்றுகிறது. விஞ்ஞானச் சாலையில் சிலந்தி கடித்தால் அமெரிக்கா, சாமியார் வரம் கொடுத்தால் இந்தியா என்று பிரிப்பது சோம்பல். ஆனால் அந்த உடையும் கேலியும் உண்மை. தேன்கனிக்கோட்டையிலிருந்தும் அஞ்செட்டியிலிருந்தும் ஊத்தங்கரையிலிருந்தும் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஓசூர் சிப்காட்டுக்கு வரும் பையன்களைப் பாருங்கள். செருப்பு, பேச்சு, டிபன் பாக்ஸில் இருக்கும் களி, எல்லாமே கேலிக்கு ஆகும். இன்னொரு நாற்பது கிலோமீட்டர் தாண்டி பெங்களூர் கல்லூரிக்குப் போனால் கேலி கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் வரும். காமிக்ஸின் பவித்ர் அந்தப் பையன். அவன் தன் வேட்டியையே நாயக உடையாக்கியதில் ஒரு பதில் இருந்தது.

படத்தில் வரும் பவித்ர் வேறு. வேட்டி அப்படியே இருக்கிறது, கேலி செய்ய யாரும் இல்லை. அழகான தலைமுடி, இன்ஸ்பெக்டர் மகள் காயத்ரி சிங்கைக் காதலிக்கிறான், ஸ்பைடர்-மேனாக இருப்பது சுலபம் என்று சொல்லிக்கொண்டு திரிகிறான். இன்னும் எதையும் இழக்காத பையன். அவனோடு இருக்கும் கொஞ்ச நேரம் மகிழ்ச்சியாகத்தான் போகிறது. மும்பாட்டனை வரைந்தவர்கள் எழுபதுகளின் இந்திரஜால் காமிக்ஸை முன்மாதிரியாக வைத்துக்கொண்டார்கள். 1964ல் டைம்ஸ் ஆஃப் இந்தியா குழுமம் தொடங்கி, தமிழ் உட்படப் பல மொழிகளில் வேதாளரையும் மாண்ட்ரேக்கையும் கொண்டுவந்த அதே இந்திரஜால். அந்த ஆரஞ்சும் இளஞ்சிவப்பும் மஞ்சளும் திரையில் விரிந்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. இந்தியாவில் அடித்த காகிதத்தின் நிறம் உலகத் திரையில் வந்துவிட்டது. படக்குழுவில் இருந்த இந்தியர்கள் முதல் வடிவம் சரியில்லை என்று சொன்ன பிறகு அந்தப் பகுதியை மாற்றி எழுதினார்கள் என்று இயக்குநர் தரப்பிலேயே சொல்லியிருக்கிறார்கள். அது தெரிகிறது. மைல்ஸ் 'சாய் டீ' என்று சொல்ல, பவித்ர் கோபப்படும் நகைச்சுவை அந்த அக்கறையில் வந்ததுதான். நம் ஊரில் 'நடு சென்டர்' என்றும் 'கேட்டு வாசல்' என்றும் சொல்வது போலத்தான் அது. இங்கிலாந்துக்காரர்கள் நம் பொருளைக் கொண்டுபோன இடம் என்று ஊரைச் சுற்றிக் காட்டுவதும் கூர்மை.

ஆனாலும் என் மனத்தாங்கல் நீங்கவில்லை. படம் நகரத்தைச் சேர்த்தது, கிராமத்தைக் கழற்றிவிட்டது. புத்தகத்தில் அவன் சுமந்த குற்ற உணர்வு இங்கே இல்லை. அதற்குப் பதிலாக, இன்ஸ்பெக்டர் சிங் சாக வேண்டும் என்று விதி இருப்பதாகவும், மைல்ஸ் அவரைக் காப்பாற்றியதால் மும்பாட்டனே கிழிபடத் தொடங்குவதாகவும் கதை நகர்கிறது. நல்ல கற்பனைதான். இழப்பில்லாமல் நாயகன் இல்லை என்ற பழைய காமிக்ஸ் விதியையே படம் கேள்வி கேட்கிறது. ஆனால் அந்தக் கேள்வி மைல்ஸுக்கானது. பவித்ர் தன் சொந்த ஊரில் விருந்தாளி போல நிற்கிறான். ஒரு தழுவலைப் பார்க்கும்போது எதைச் சேர்த்தார்கள் என்று எல்லாரும் பார்ப்பார்கள். எதை விட்டார்கள் என்று பார்க்க மூலத்தைத் தேடிப் படித்திருக்க வேண்டும். நான்கே இதழ்தான், ஒரு மாலையில் முடிந்துவிடும்.

மொழி பற்றிக் கொஞ்சம். இந்தப் படம் இந்தியாவில் ஆங்கிலம், இந்தி, தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், மராத்தி, குஜராத்தி, பஞ்சாபி, வங்காளம் என்று பத்து மொழிகளில் வந்தது. இந்தியிலும் பஞ்சாபியிலும் பவித்ருக்குக் குரல் கொடுத்தவர் கிரிக்கெட் வீரர் சுப்மன் கில். எங்கள் தெருவில் மூன்று வீட்டில் மூன்று மொழி, சிப்காட் பக்கம் போனால் இந்தியும் வங்காளமும் ஒடியாவும். என் அக்கா மகனோ வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், கிரவுண்டில் கன்னடம். எந்த மொழியில் பார்ப்பது என்றால், சப்டைட்டில் படிக்கத் தேவையில்லாத மொழியில். கண் கீழே போனால் திரையில் நடக்கும் பாதி போய்விடும், இந்தப் படத்தில் திரையே எழுத்தும் கட்டமுமாக இருக்கிறது. இரண்டாம் முறை வேறு மொழியில் பாருங்கள். 'சாய் டீ' மாதிரி இடங்களில் ஒரு மொழியின் சிரிப்பை இன்னொரு மொழி எப்படிச் சமாளிக்கிறது என்று எல்லையோர ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்னொன்றும் விமர்சனத்தில் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன், பலரும் விட்டுவிடுகிறார்கள். 140 நிமிடப் படம், ஏறக்குறைய ஆயிரம் கலைஞர்களின் உழைப்பு. முதல் படத்திலேயே ஒரு நொடிக் காட்சியை முடிக்க ஒரு அனிமேட்டருக்கு ஒரு வாரம் ஆனது என்றார்கள். இரண்டாவது படம் வெளிவந்த அதே மாதம் அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் செய்தி வந்தது. முடித்துக் கொடுத்த காட்சிகளைத் திரும்பத் திரும்ப மாற்றச் சொன்னதால் வாரக்கணக்கில் நீண்ட நேர வேலை, அது தாங்காமல் சுமார் நூறு பேர் விலகினார்கள் என்று படத்தில் வேலை செய்த சிலர் சொல்லியிருந்தார்கள். கதையும் காட்சியும் சரியாக வரும்வரை மாற்றுவது அனிமேஷனில் இயல்பு என்பது தயாரிப்புத் தரப்பின் பதில். ஷிப்டு முடிந்தும் ஓவர்டைம் நிற்கும் ஊரில் இருந்து அந்தச் செய்தியைப் படித்தேன். இதனால் படத்தின் அழகு குறைந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். அழகை எழுதும்போது அந்தக் கைகளையும் எழுத வேண்டும் என்பேன். பெயர்ப் பட்டியல் ஓடும்போது எழுந்து போகாதீர்கள்.

குறை என்று ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடலாம்: படம் முடியவில்லை. தொடரும் என்று போட்டுவிட்டார்கள். 2024 மார்ச்சில் வருவதாக இருந்த அடுத்த பாகம் தள்ளிப்போனது. காமிக்ஸில் 'அடுத்த இதழில்' என்று போடுவது வழக்கம்தான், நாமும் மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள்தான். ஆனால் அந்த இதழ் சில ரூபாய்க்குக் கிடைத்தது. தியேட்டருக்குக் குடும்பத்தோடு போகும் செலவு வேறு. பாதிக் கதை என்பதைச் சுவரொட்டியிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பையன் வீட்டுக்கு வந்தான். அச்சக நாட்களின் லூப்பைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன், கூடவே அட்டை கிழிந்த பழைய வேதாளர் கலர் புத்தகம் ஒன்றையும். ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பக்கம் பக்கமாகப் பார்த்தான். வேதாளர் குதிரை மேல் போகும் ஒரு கட்டத்தில் சிவப்பு முழுக்கக் குதிரையின் முதுகில் ஏறிக் கிடந்தது.

"மாமா, இதும் வேணும்னே செஞ்சதா?"

"இல்லடா. இது ரிஜிஸ்டர் போனது."

மறுபடி லூப்பை வைத்துப் பார்த்தான். "நல்லாத்தான் இருக்கு" என்றான்.